கல்லுக்குள் இருந்த கோயில்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், உலகின் பழைய கல் மண்டபங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். எகிப்தின் கார்னக் கோயில் வளாகத்தில் உள்ள முதலாம் செனுஸ்ரெத் மன்னனின் வெள்ளைச் சிற்றாலயத்தைச் சொல்லி, அது நம் ஊர்ப் பதினாறுகால் மண்டபத்தை நினைவூட்டும் என்று இரண்டு வரிகளில் முடித்துவிட்டேன். அந்த இரண்டு வரிகள் போதவில்லை என்பதை, சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பதினாறுகால் மண்டபம் என்று எழுதியிருந்தீர்கள். தூண்களின் எண்ணிக்கை ஒத்துப்போவதால் மட்டும் அப்படிச் சொன்னீர்களா, அமைப்பிலும் பயன்பாட்டிலும் ஒற்றுமை உண்டா?
— வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: எண்ணிக்கையில் தொடங்கினாலும் ஒற்றுமை அங்கேயே நின்றுவிடவில்லை. இருபதடிக்குச் சற்றுக் கூடுதலான பக்கங்களைக் கொண்ட ஒரு சதுர மேடை. அதன்மேல் வரிசைக்கு நான்காக நான்கு வரிசைகளில் பதினாறு தூண்கள். தூண்களின் மேல் உத்தரங்கள். அவற்றின் மேல் தட்டையான கற்கூரை. வெளிவரிசைத் தூண்களுக்கு இடையே, மேல்விளிம்பு வளைவாகச் செதுக்கப்பட்ட குட்டையான கைப்பிடிச் சுவர் ஓடுகிறது. எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும் தாழ்வான படிகளோடு கூடிய சரிவுப் பாதைகள் மேடைக்கு ஏறுகின்றன. கதவு கிடையாது, கருவறை கிடையாது. நான்கு பக்கமும் வெளிச்சம் நுழையும் ஒரு திறந்த மண்டபம் அது.

எதிரெதிரே இரண்டு பாதைகள் இருப்பதில்தான் இந்தக் கட்டடத்தின் பொருள் அடங்கியிருக்கிறது. எகிப்தியக் கோயில்களில் மூலவர் திருமேனி இருண்ட உள்ளறையில் இருந்தது. பொதுமக்கள் அதைக் காண வழியில்லை. திருவிழாக் காலத்தில் அந்தத் திருமேனியை மூடிய சிறு பெட்டகத்தில் வைத்து, பெட்டகத்தை ஒரு படகின் மேல் ஏற்றி, அந்தப் படகைப் பூசாரிகள் தோளில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள். வழியில் தெய்வம் இறங்கி இளைப்பாற மண்டபங்கள் கட்டப்பட்டிருந்தன. சுமப்பவர்கள் ஒரு பக்கம் ஏறி, நடுவில் உள்ள பீடத்தில் படகை இறக்கி, வழிபாடு முடிந்ததும் திரும்பாமல் எதிர்ப்பக்கம் இறங்கி நடையைத் தொடரலாம். மண்டகப்படி மண்டபத்தில் உற்சவ மூர்த்தியை இறக்கி வைத்துத் தீபாராதனை காட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனி விளக்கம் தேவைப்படாது.

ஆயினும் ஒரு திருத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தச் சிற்றாலயம் முதலில் படகுக்காகக் கட்டப்பட்டதாகத் தெரியவில்லை. அரசன் முப்பது ஆண்டுகள் ஆட்சி புரிந்த பின் அவனுடைய ஆற்றலைப் புதுப்பிக்கும் சடங்காகக் கொண்டாடப்படும் ‘செத்’ விழாவுக்காக இது எழுப்பப்பட்டது. ‘செத் விழாவின் முதல் முறை’ என்ற தொடர் இதன் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தெற்கில் உள்ள மேல் எகிப்து, வடக்கில் உள்ள கீழ் எகிப்து ஆகிய இரண்டு நாடுகளுக்கும் உரியவனாக அரசன் வீற்றிருக்கும் அரியணை நடுவே இருந்திருக்கும் என்றும், பிற்காலத்தில் அந்த இடத்தில் கருங்கல் பீடம் வைக்கப்பட்டுத் தெய்வப் படகின் தங்குமிடமாக மாறியது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசனுக்காகக் கட்டிய மண்டபம் தெய்வத்துக்கு உரியதாயிற்று.

கேள்வி: நான் தாரமங்கலத்தில் கல் வேலை செய்பவன். கபோதம், கொடுங்கை போன்ற கூரை விளிம்பு உறுப்புகள் அங்கே உண்டா? சிற்பம் எந்த வகையைச் சேர்ந்தது?
— வாசகர், தாரமங்கலம்

பதில்: கைலாசநாதர் கோயிலின் கல் வேலையைத் தினமும் பார்க்கும் ஒருவருக்குப் பதில் எழுதுவதில் எனக்குச் சற்றுத் தயக்கம் இருக்கிறது, பிழையிருந்தால் எழுதுங்கள். நம் கபோதம் வெளிப்புறமாகப் புடைத்து, நீர் வடிவதைப் போலக் கீழ்நோக்கி வளையும். எகிப்தியக் கூரை விளிம்போ அதற்கு நேர் எதிரானது. சுவரின் உச்சியிலிருந்து உட்குழிவாக எழுந்து, மேலே போகப் போக வெளியே விரியும். அதன் அடியில் உருண்டையான ஒரு கல் வளையம் கட்டடத்தைச் சுற்றி ஓடும். நாணலையும் பனை மட்டையையும் வைத்துக் கட்டிய பழைய குடில்களில், கட்டிய நாணல் கற்றை உருண்டையாகவும் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நுனிகள் வெளியே சாய்ந்தும் இருந்ததைத்தான் பிறகு கல்லில் வடித்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். நம் கபோதத்தையும் கூரை வேய்ந்த இறவாரத்திலிருந்து வந்ததாகச் சொல்வதுண்டு. இரண்டு நாட்டுத் தச்சர்களும் தங்கள் கைக்குப் பழகிய கூரையைக் கல்லிலும் மறக்கவில்லை.

சிற்பம் புடைப்புச் சிற்பம்; பின்னணிக் கல்லை ஒரே சீராகத் தாழ்த்தி, உருவத்தை மட்டும் மெல்லிய உயரத்தில் நிற்க விட்டிருக்கிறார்கள். அந்த உயரம் மிகக் குறைவாக இருந்தும், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது மன்னனின் தோள் எலும்பும் முழங்காலும் தெளிவாகத் தெரிகின்றன. எழுத்துகளையே சிற்பமாகச் செதுக்கியிருப்பதுதான் என்னை அசையாமல் நிறுத்திவிட்டது. ஆந்தை வடிவ எழுத்து ஒன்று. அதன் இறகுகளைத் தனித்தனியாக வகுத்திருக்கிறார்கள். ஒலிக்காக எழுதப்படும் ஓர் எழுத்துக்கு இவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை. எகிப்தியரோ எழுத்தைத் ‘தெய்வச் சொற்கள்’ என்று அழைத்தார்கள். செதுக்கியவன் அதை நம்பித்தான் செதுக்கியிருக்கிறான். கோயில் சிற்பங்களுக்கு அவர்கள் வண்ணமும் தீட்டினார்கள் என்பதால், இன்று நாம் வெண்மையாகக் காணும் இந்த மண்டபம் அவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்காது.

கேள்வி: பள்ளியில் எகிப்திய எழுத்தைப் பற்றிப் படித்தோம். அந்த மன்னனின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அதை எப்படிப் படிப்பது?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, சூரமங்கலம்

பதில்: முதலில் எந்தத் திசையில் படிப்பது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். பறவை, மனிதன், பாம்பு போன்ற எழுத்துகளின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரே வாசலின் வலப்பாதியில் ஒரு திசையிலும் இடப்பாதியில் எதிர்த் திசையிலும் எழுத்துகளை நடக்க விட்டு, கட்டடத்தின் சமச்சீரை எழுத்தினாலேயே காட்டுவது எகிப்தியருக்கு வழக்கம். தமிழைப் போல ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எழுதும் மொழிக்கு இந்த வசதி இல்லை.

அரசனுக்கு ஐந்து பெயர்கள் உண்டு. அவற்றுள் இரண்டு மட்டும், முடிச்சிட்ட கயிறு சுற்றி வளைத்தது போன்ற நீள்வட்டத்துக்குள் எழுதப்படும். அந்த நீள்வட்டத்துக்குக் கார்ட்டூஷ் என்று பெயர். அரியணை ஏறியபோது இந்த மன்னன் சூடிய பெயர் கெப்பெர்காரே. மேலிருந்து கீழாகச் சூரிய வட்டம், வண்டு, உயர்த்திய இரண்டு கைகள் என்ற மூன்று எழுத்துகளில் அது அடங்கிவிடுகிறது. சூரிய வட்டம் ‘ரே’, வண்டு ‘கெப்பெர்’, கைகள் ‘கா’. எழுதிய வரிசையிலேயே படித்தால் ‘ரேகெப்பெர்கா’ என்று வர வேண்டும். ஆனால் ரே தெய்வத்தின் பெயர் என்பதால் மரியாதைக்காக அதை முன்னே எழுதிவிட்டு, படிக்கும்போது உரிய இடத்தில், அதாவது இறுதியில், படிப்பார்கள். அவனுடைய பிறவிப் பெயரான செனுஸ்ரெத்திலும் இதே முறைதான். ‘வோஸ்ரெத் தேவியின் மனிதன்’ என்பது அதன் பொருள். தேவியின் பெயர் கடைசியில் ஒலித்தாலும் எழுதும்போது முதலில் நிற்கும். நம் கல்வெட்டுகள் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று மங்கலச் சொல்லோடு தொடங்குவதில் உள்ள பணிவு, அங்கே எழுத்து வரிசையையே மாற்றும் அளவுக்குச் சென்றிருக்கிறது.

இந்த விதியைத் தெரிந்துகொண்டு ஒரு தூணின் முன் நின்றால், முதல் அரை மணி நேரத்திலேயே நான்கைந்து தொடர்கள் பிடிபட்டுவிடும். ‘உயிரும் உறுதியும் ஆட்சியும் அருளப்பெற்றவன், ரேயைப் போல, என்றென்றும்’ என்பது அவற்றுள் ஒன்று. எனக்கு அது பிடிபட்ட நாளில், பயணக்குழு என்னை விட்டுவிட்டுப் பேருந்துக்குப் போயிருந்தது.

கேள்வி: தெய்வ உருவங்களை விட, அடித்தளத்தில் உள்ள பட்டியல்தான் முக்கியமானது என்று எங்கோ படித்தேன். என்ன பட்டியல் அது? நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்.
— வாசகர், ஏற்காடு

பதில்: ‘விட’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு உங்கள் கேள்வியை ஏற்றுக்கொள்கிறேன். இந்தக் கட்டடத்தைப் பற்றி நான் எழுத விரும்பியதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் இருப்பதால், பதில் சற்று நீளும்.

தூண்களில் அமூன் தெய்வத்தின் முன் மன்னன் நிற்கிறான். ஆத்தும் தெய்வம் அவன் கையைப் பற்றி அழைத்துச் செல்கிறது. அமூன் அவன் மூக்கருகே உயிர்க் குறியை நீட்டுகிறான். சில தூண்களில் அமூன், இரண்டு நெடிய இறகுகளைச் சூடி, ஒரு கையை உயர்த்தி, படைப்பாற்றலைக் குறிக்கும் ‘மின்’ என்ற பெயருடைய தெய்வத்தின் வடிவில் நிற்கிறான். மேலே இவையெல்லாம் நடந்துகொண்டிருக்க, மண்டபத்தைத் தாங்கும் அடித்தளத்தின் வெளிப்புறத்தில், நம் சொல்லில் சொன்னால் அதிஷ்டானத்தில், எகிப்து நாடு முழுவதும் மாவட்டம் மாவட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் மேல் எகிப்தின் 22 மாவட்டங்கள். எதிர்ப்பக்கம் கீழ் எகிப்தின் 16 மாவட்டங்கள். கீழ் எகிப்தின் எண்ணிக்கை பிற்காலத்தில் 20 ஆக உயர்ந்ததால், இந்தப் பட்டியல் அதற்கு முந்தைய நிர்வாகப் பிரிவினைக்குச் சான்றாக நிற்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கொடிக்கம்பத்தின் மேல் நிற்கும் அதன் சின்னம், அதன் தெய்வம், ஆற்றோரமாக அதன் நீளம் ஆகியவை கட்டம் கட்டமாகத் தரப்பட்டுள்ளன.

அளவைப் பாருங்கள். அதன் பெயர் ‘இத்தெரு’; அந்தச் சொல்லுக்கே ஆறு என்றுதான் பொருள். ஓர் இத்தெரு என்பது 20,000 அரச முழம். அரச முழம் ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கு ஏழு உள்ளங்கை, ஓர் உள்ளங்கைக்கு நான்கு விரல். ஆக ஓர் இத்தெரு ஏறத்தாழ பத்தரைக் கிலோமீட்டர். தெற்கு எல்லையான எலிபன்டைன் தீவிலிருந்து இன்றைய கெய்ரோவுக்கு அருகிலிருந்த பெர்-ஹாப்பி வரை 86 இத்தெரு, அங்கிருந்து வடகோடியான பெஹ்தெத் வரை 20 இத்தெரு, மொத்தம் 106 இத்தெரு என்று கல்வெட்டு கூட்டியே காட்டுகிறது. 86ஐப் பத்தரையால் பெருக்கினால் 900 கிலோமீட்டர் வருகிறது. அஸ்வானிலிருந்து கெய்ரோ வரை நைல் நதி ஓடும் தூரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த அளவைக்காரர்களின் திறமை உங்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும். சங்கிலியும் தியோடலைட்டும் பிடித்த கைகளுக்கு, கயிறு பிடித்த அந்தக் கைகளின் அருமை தெரியும்.

தூரத்தோடு நின்றுவிடவில்லை. வெள்ளம் எவ்வளவு உயரும் என்பதையும் மூன்று இடங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். எலிபன்டைனில் 21 முழத்துக்கு மேல். பெர்-ஹாப்பியில் 12 முழத்துக்கு மேல். கடலை நெருங்கும் வடகோடியில் 6 முழத்துக்கு மேல். குறுகிய பள்ளத்தாக்கில் ஓங்கி எழும் வெள்ளம், கழிமுகத்தில் பரந்து விரிந்து தணிகிறது. ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம்’ என்ற செய்தியை நாளிதழில் பார்த்துவிட்டு, 120 அடியை எட்டுமா என்று கணக்குப் போடும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு, ஒரு நாட்டின் உயிர் ஓர் எண்ணில் தொங்குவதன் பொருள் தெரியும். வெள்ளம் குறைந்தால் பஞ்சம். மிகுந்தால் கரை உடையும். சரியான உயரம் எது என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்கள் கருவூலச் சுருளில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், தெய்வம் இறங்கும் மண்டபத்தின் அடியில் கல்லில் வெட்டினார்கள்.

ராஜராஜன் காலத்து அளவுகோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர். திருமாலின் திருவடியும் நில அளவைக்காரனின் கோலும் ஒரே பெயரில் சந்திக்கும் மொழி நம்முடையது. நம் கோயில் அதிஷ்டானங்களிலும் வேலியும் மாவும் காணியும் குழியுமாக நிலக்கணக்குத்தான் நிறைந்திருக்கிறது. பக்தியைத் தேடி வருபவர்கள் அதை வறட்டுக் கணக்கு என்று கடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் கணக்கின் மேல்தான் விளக்கு எரிந்தது.

கேள்வி: எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உண்டு. மழையிலும் வெயிலிலும் சுண்ணாம்புக்கல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் அந்த ஆந்தையின் இறகு எப்படி அழியாமல் இருந்தது?
— வாசகர், சங்ககிரி

பதில்: மிகச் சரியான கேள்வி. அது மழையிலும் வெயிலிலும் இருக்கவில்லை என்பதுதான் விடை.

செனுஸ்ரெத் கட்டியது கி.மு. 20ஆம் நூற்றாண்டில். ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் அது வெளிச்சத்தில் நின்றது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமன்ஹோத்தெப் கார்னக்கில் ஒரு மாபெரும் நுழைவாயிலை எழுப்பினான். இன்று அதை மூன்றாம் கோபுரவாயில் என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். அதன் அடித்தளத்தையும் உள்வயிற்றையும் நிரப்புவதற்கு, முன்னோர் கட்டிய பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பிரித்து அந்தக் கற்களை இட்டார்கள். வெள்ளைச் சிற்றாலயமும் அவற்றுள் ஒன்று. 1926இல் கார்னக் பணிகளுக்குப் பொறுப்பேற்ற ஆன்றி செவ்ரியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர், சிதைந்துகொண்டிருந்த அந்த வாயிலை உறுதிப்படுத்துவதற்காக உள்ளிருந்த கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எந்தக் கல் எந்தக் கட்டடத்தைச் சேர்ந்தது என்று வகை பிரித்து, கல்வெட்டறிஞர் பியேர் லக்கோவின் துணையோடு வரிகளைப் பொருத்தி, 1937–38இல் இந்த மண்டபத்தை மீண்டும் நிற்க வைத்தார்கள். கார்னக்கின் வடமேற்கில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இன்று நாம் பார்ப்பது அதைத்தான். ஐந்தரை நூற்றாண்டு வெளிச்சம், முப்பத்து மூன்று நூற்றாண்டு இருட்டு, மீண்டும் வெளிச்சம்.

அந்த இருட்டு அதை மூன்று விதமாகக் காத்தது. காற்றும் மணலும் முகத்தைத் தேய்க்கவில்லை என்பது முதலாவது. அமன்ஹோத்தெப்பின் மகன் அக்னாதென் அமூனின் பெயரையும் உருவத்தையும் நாடெங்கும் உளி கொண்டு அழிக்கச் செய்தபோது, இந்தக் கற்கள் அவனுடைய ஆட்களின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தன என்பது இரண்டாவது. மூன்றாவதை உங்கள் ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: பிற்காலத்தில் எகிப்தின் சுண்ணாம்புக்கல் கோயில்கள் பலவற்றைப் பெயர்த்துக் காளவாயில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிவிட்டார்கள். வெளியே நின்றிருந்தால் இந்த மண்டபமும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரின் பூச்சாகப் போயிருக்கும்.

முன்னோன் கட்டிய தெய்வ மண்டபத்தைப் பிரிப்பது பாவமில்லையா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் அதை அப்படிக் கருதியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். புனிதமான கல்லைக் குப்பையில் எறியாமல், புதிய வாயிலின் உடலுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் திருப்பணி என்றால் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவதுதான். ஆனால் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடம் இன்னும் உயர்ந்த முன்மாதிரி ஒன்று இருக்கிறது. கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடியில் பழைய விமானத்தை இறக்கிவிட்டுக் கற்றளியாக எடுக்கும்படி முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். அந்தச் செய்தியையும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அமன்ஹோத்தெப்பின் கொத்தர்கள் கல்லைக் காத்தார்கள். சோழனின் அதிகாரிகள் சொல்லைக் காத்தார்கள்.

கேள்வி: பெண் அரசி ஹட்ஷெப்சுட்டுக்கும் கார்னக்கில் ஒரு சிற்றாலயம் உண்டாமே? அவள் பெண் என்ற வெறுப்பினால்தான் அதை இடித்தார்களா?
— வாசகி, அம்மாபேட்டை

பதில்: உண்டு, அதன் பெயர் செம்மைச் சிற்றாலயம். கருநிறக் கல் அடித்தளத்தின் மேல் செந்நிறக் குவார்ட்சைட்டில் எழுப்பப்பட்ட, தெய்வப் படகுக்கான கோயில் அது. ஹட்ஷெப்சுட் கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரசி. அவளுக்குப் பின் தனித்து ஆண்ட மூன்றாம் துத்மோஸ் அதைப் பிரித்தான். ஆனால் அவளுடைய பெயரையும் உருவத்தையும் பரவலாக அழிக்கும் வேலை அவனுடைய நீண்ட ஆட்சியின் பிற்பகுதியில்தான் நடந்தது. தனி ஆட்சி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து வந்த செயலைத் தனிப்பட்ட வெறுப்பு என்று சொல்வது பொருந்தாது. அரசுரிமை வரிசையில் ஒரு பெண் மன்னராக அமர்ந்த தடத்தை நீக்கித் தன் வாரிசுக்கு வழியைச் சீராக்க எண்ணினான் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மேலும் செம்மைச் சிற்றாலயத்தின் பல காட்சிகளில் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள்.

இதை மீண்டும் அடுக்கியதுதான் பெரிய சாதனை. கிடைத்த கற்கள் 300க்கும் மேல். வெள்ளைச் சிற்றாலயத்தில் ஓர் உருவத்தின் தோள் ஒரு கல்லிலும் மார்பு அடுத்த கல்லிலும் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பொருத்தலாம். செம்மைச் சிற்றாலயத்திலோ ஒவ்வொரு கல்லிலும் ஒரு காட்சி தொடங்கி அதே கல்லில் முடிந்துவிடுகிறது. அடுத்த கல் எது என்று கோடு காட்டிக் கொடுக்காது. ஆகவே அந்தக் கற்கள் பல பத்தாண்டுகள் மேடைகளின் மேல் வரிசையாகக் கிடந்தன. கார்னக்கிலிருந்து லக்சர் கோயிலுக்குச் செல்லும் ஓபெத் திருவிழா ஊர்வலத்தில் தெய்வப் படகு தங்கும் ஆறு மண்டபங்கள் கற்களில் காட்டப்பட்டிருந்தன. ஊர்வலத்தின் வரிசை தெரிந்தால் கல்லின் வரிசை தெரியும் அல்லவா? விழா நடந்த முறையையும் கற்களின் அளவையும் கொண்டு இடம் கண்டு, 1997இல் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் அதை நிறுத்தினார்கள். மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் எந்தத் தெருவுக்குப் பின் எந்தத் தெரு என்று மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டிமார்களின் அறிவு எப்படிப்பட்டது என்பதை இது எனக்கு உணர்த்தியது.

கேள்வி: எகிப்தில் தமிழ் எழுத்துகள் கிடைத்தனவே, அவை இந்தக் கோயில்களில் உள்ளனவா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: நான் எழுதும் இந்த இரண்டு சிற்றாலயங்களிலும் இல்லை. செங்கடல் கரையில் உள்ள குசேர் அல்-காதிம், பெரெனிகே ஆகிய பழைய துறைமுகங்களில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. குசேரில் கிடைத்த ஓர் ஓட்டில் ‘பானை ஒறி’, அதாவது உறியில் வைக்கும் பானை, என்று இருக்கிறது. அவை ரோமானியர் காலத்து மிளகு வாணிகத்தோடு சேர்ந்தவை. வெள்ளைச் சிற்றாலயம் கட்டப்பட்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தியவை. தமிழ் வணிகர் அந்தத் துறைமுகங்களில் இறங்கியபோது, இந்த மண்டபம் கோபுரவாயிலின் வயிற்றுக்குள் ஏற்கெனவே பதிமூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் உறங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்துக் கோயிலில் திருப்பணி தொடங்கப் போகிறோம். பழைய மேடையில் எழுத்துள்ள கற்கள் இரண்டும், வீரன் உருவம் உள்ள ஒரு நடுகல்லும் இருக்கின்றன. வேலைக்காரர்கள் அவற்றைச் சுத்தம் செய்து புதிய படியில் பதித்துவிடலாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், சேர்வராயன் மலை

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு சிறு கோயிலுக்குச் சென்றிருந்தேன். குழாயடியில் துணி துவைக்கும் கல்லின் ஓரத்தில் இரண்டு வரித் தமிழ் எழுத்துத் தென்பட்டது. முந்தைய திருப்பணியில் மிஞ்சிய கல் என்றார்கள். ‘இறையிலி’ என்ற ஒரு சொல்லை மட்டும் படிக்க முடிந்தது. யார், எந்த நிலத்தை, எதற்காக வரியில்லாமல் கொடுத்தார் என்பது சவுக்காரத்தோடு போய்விட்டது. உங்கள் ஊரில் அது நடக்க வேண்டாம்.

படியில் பதிக்காதீர்கள். கால் படும் இடத்தில் நூறு ஆண்டுகளில் எழுத்துத் தேய்ந்துவிடும். எழுத்து உட்பக்கமாகத் திரும்பினால், நம் வாயிலைப் பிரித்துப் பார்க்கவும் ஒரு செவ்ரியே வரப் போவதில்லை. மணலை வீசிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை அருகிலேயே விடாதீர்கள். அது அழுக்கோடு எழுத்தின் விளிம்பையும் எடுத்துவிடும். கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டாம். மென்மையான நார்த் தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். எழுத்துக்குள் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று காட்ட ஆசைப்படாதீர்கள். அடித்தவர் எழுத்தென்று எண்ணியதுதான் பிறகு எல்லோருக்கும் எழுத்தாகிவிடும்.

கல்லை அசைப்பதற்கு முன் மேடையை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுங்கள். அந்த எண்ணைக் கல்லின் எழுத்தில்லாத பக்கத்தில் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். எந்தக் கல் எந்தத் திசையைப் பார்த்திருந்தது, எதன் மேல் இருந்தது என்பதைக் குறியுங்கள். கார்னக்கில் வரிகளைப் பொருத்தப் பட்ட பாடு முழுவதும் இந்த ஒரு தாள் இல்லாததால் வந்தது. பிறகு இரவில், இருட்டிய பின், டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் தாழப் பிடித்து, ஒளி எழுத்தின் மேல் சாய்வாக விழும்படி வைத்து, கைப்பேசியில் படம் எடுங்கள். பகலில் தெரியாத எழுத்தெல்லாம் நிழலோடு எழுந்து வரும். ஓரத்தில் ஓர் அடிக்கோலை வைத்தால் அளவும் பதிவாகிவிடும். நடுகல்லையும் அப்படியே நான்கு பக்கமும் எடுங்கள். வீரனின் கையில் உள்ள ஆயுதமும் காலடியில் உள்ள உருவமும் அவன் எதற்காக உயிர் விட்டான் என்பதைச் சொல்லக்கூடியவை.

அந்தப் படங்களோடு மாநிலத் தொல்லியல் துறைக்கு ஊர்ப் பொதுமக்கள் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றியெடுக்கும் மைப்படியை அவர்கள் முறையாக எடுப்பார்கள். அதுவரை மூன்று கற்களையும் மண் படாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மரக்கட்டைகளின் மேல் எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி சாய்த்து வையுங்கள். புதிய கோயிலில் கண் உயரத்துக்குச் சுவரில் ஓர் இடம் விடச் சொல்லி ஸ்தபதியிடம் இப்போதே பேசிவிடுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது கேட்டால் இடம் இருக்காது.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. குறிக்கவில்லையென்றால் தை மாதத்துக்கு முன் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மைப்படித் தாளைக் காயாமல் கொண்டு வருவது கடினம். மழை விட்டதும் இதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். டார்ச் விளக்கோடு நான் வருகிறேன்.